ஆறு நாற்பதுக்குத் திறக்கும் மூடிகள்

காலை ஆறு மணிக்கு நெவ்யானா எழுந்து காபிக்குத் தண்ணீர் வைப்பாள். கணவன் லியூபென் முகம் மழித்துக்கொள்வான். ஆறு இருபதுக்கு இருவரும் நின்றபடியே காபி குடிப்பார்கள். ஆறரைக்கு அவன் காலித் தயிர்ப் புட்டிகளை வலைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்குவான். ஆறு நாற்பதுக்கு அவள் பியானோ முன் உட்காருவாள். ஆறு நாற்பத்தொன்றுக்கு, நான்கு மாடிக்குக் கீழே, நிலவறையில் அடுக்கியிருக்கும் ஜாடிகளின் தகர மூடிகள் கழன்று விழும். ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு மூடி. அதிகபட்சம், 1985 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, முப்பத்தேழு.

பல்கேரியாவின் ரூசெ நகரத்தில் எங்கள் கட்டடத்துக்கு ஏ, பி என இரண்டு வாசல்கள். பி வாசலில் பன்னிரண்டு வீடுகள். பதினொரு வீடுகள் செப்டம்பர் முழுவதும் பால்கனியில் குடைமிளகாய் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு அரைத்துக் கிளறி, ஜாடியில் அடைத்துக் கொதிக்க வைத்து மூடும். பூக்கோசு, வெள்ளரி, பிளம் பழம் எல்லாம் அப்படித்தான். மே மாதம் வரை சாப்பாடு அது. பன்னிரண்டாவது வீடான நெவ்யானாவின் வீட்டில் ஒரு ஜாடியும் போடுவதில்லை. நகர இசைக்குழுவின் பியானோ கலைஞர் அவள். செப்டம்பரில்தான் கச்சேரிப் பருவம் தொடங்கும். தரைத்தளத்து தின்காவுக்கு அதுவே முதல் குற்றமாகப் பட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு குளிர்காலம் ஆயிற்று. முதலில் எலி என்றார்கள். பிறகு மூடி செய்த தொழிற்சாலையைத் திட்டினார்கள். ஏ வாசல்காரர்கள் மேல் சந்தேகப்பட்டு நிலவறைக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். நெவ்யானா இசைக்குழுவோடு வெளியூர் போன ஒன்பது நாளும் ஒரு மூடிகூடத் திறக்கவில்லை என்பதைக் கட்டடப் பொறுப்பாளர் பென்யோதான் கவனித்தார். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு வீட்டாரும் அவள் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். செருப்பைக்கூட யாரும் கழற்றவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அச்சடித்த இசைத்தாளை விரித்து ஒன்றரை மணி நேரம் வாசித்தாள். நிலவறையில் காவலுக்கு நின்ற ஆள் மேலே வந்து, ஒன்றும் ஆகவில்லை என்றான். காலையில் என்ன வாசிக்கிறாள் என்று பென்யோ கேட்டார். தாள் எதுவும் இல்லை, அந்தந்த நேரத்துக்குக் கைக்கு வருவது என்றாள்.

"அதை வாசிம்மா இப்ப. கேட்போம்."

"அது யாருக்கும் வாசிக்கிறதில்ல அண்ணே."

"எங்களுக்கென்ன, கேக்க ஆசையா? ஜாடி திறக்குதான்னு பாக்கணும்."

"திறக்கும். நான்தான் சொல்றேனே."

தின்கா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "அப்ப பேப்பரப் பாத்தே வாசிக்க வேண்டியதுதானே மகாராணி? உனக்கென்ன கேடு?"

"பகல் பூரா அடுத்தவங்க எழுதினதைத்தான் வாசிக்கிறேன் அக்கா. காலைல இருபது நிமிஷம் என்னோடது. அதை விடமாட்டேன்."

"உன்னோடதுன்னா உன் வீட்டு ஜாடியத் திற. ஓ, உங்க வீட்டுலதான் ஒண்ணும் கெடையாதே! என் நூத்திருபது ஜாடி உனக்கு என்னடி பாவம் பண்ணிச்சு?"

லியூபென் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான்.

அந்த இருபது நிமிட வாசிப்பை பி வாசலில் யாரும் கேட்டதில்லை. பியானோவுக்குள் கம்பிகளுக்கும் அவற்றைத் தட்டும் சுத்திகளுக்கும் நடுவே கம்பளித் துணி விட்டுத்தான் வாசிப்பாள். லியூபென் ஒருமுறை பாதிப் படியில் திரும்பி வந்து கதவில் காது வைத்திருக்கிறான். பூனை நடப்பதுபோல் ஏதோ கேட்டது. அவ்வளவுதான். நான்கு வருட மணவாழ்க்கையில் அதற்கு மேல் அவனுக்கும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு கெட்டுப்போன ஜாடிகளை நெவ்யானாவின் வீட்டுக் கதவு முன்னால் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். கால்மிதியில் ஊறுகாய்த் தண்ணீரை ஊற்றினார்கள். தபால் பெட்டியில் அழுகிய வெள்ளரி கிடந்தது. மின்தூக்கியில் அவள் ஏறினால் மற்றவர்கள் இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரி மூன்று வருடமாகச் சொல்லிவந்த காலை வணக்கத்தை நிறுத்தினாள். நெவ்யானா இவை எதையும் பொருட்படுத்தவில்லை. அதுதான் அவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆறு நாற்பத்தொன்றுக்கு மூடிகள் விழுந்துகொண்டிருந்தன.

1986 அக்டோபரில் பென்யோ ஒரு மனு எழுதினார். பி வாசலில் இசைத்தாள் இல்லாமல் பியானோ வாசிப்பதைத் தடை செய்யவேண்டும் என்று வீட்டுவசதி அலுவலகத்துக்கு. பதினொரு வீடும் கையெழுத்துப் போட்டது. பிறகு லியூபெனைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"நீ போட்டா பேப்பர் வாசலோட நிக்கும் தம்பி. மேல அனுப்பமாட்டேன். போடலன்னா அனுப்புவேன். அப்புறம் வீட்டையே காலி பண்ணச் சொல்வான். பியானோவத் தூக்கிட்டு எங்க போவ? யோசி."

லியூபென் கப்பல் பட்டறையில் வரைபடப் பிரிவில் பொறியாளன். மனுவை முழுவதும் படித்தான். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினான். கையெழுத்துப் போட்டான். மனைவியிடம் சொல்லவில்லை. பென்யோ அதைக் கட்டடத்தின் முன்கதவுக் கண்ணாடியில் ஒட்டினார்.

மறுநாளிலிருந்து நெவ்யானா ஆறு நாற்பதுக்குப் பியானோவின் மூடியைத் திறக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கு எழுந்தாள். ஒத்திகைக்குப் போனாள், வந்தாள். யாரிடமும் பேசவில்லை. இசைக்குழுவில் தலையசைப்பிலேயே காரியம் நடந்தது. பதினொரு நாள் ஒரு மூடியும் விழவில்லை. தின்கா படிக்கட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். பன்னிரண்டாம் நாள் ஒத்திகையில் தாளைத் திருப்பக் கை நீட்டியவள் அப்படியே சாய்ந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்ததாக மருத்துவர் சொன்னார். வயது முப்பத்தொன்று.

எங்கள் ஊர் வழக்கப்படி லியூபென் அவளுடைய படம் போட்ட இரங்கல் தாள் அச்சடித்து, பேருந்து நிறுத்தத்திலும் தெருமரங்களிலும் ஒட்டினான். முன்கதவில் இடம் இல்லை. ஆகவே மனுவின் மேலேயே ஒட்டினான். இரங்கல் தாள் சிறியது. மனுவின் அடிப்பகுதி கீழே நீட்டிக்கொண்டு நின்றது. நெவ்யானாவின் முகம், பெயர், தேதிகள். அதற்குக் கீழே பன்னிரண்டு கையெழுத்து. துக்கத்துக்கு வந்தவர்கள், வாசல் முழுவதும் சேர்ந்து போட்ட இரங்கல் என்று நினைத்து பென்யோவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. யாரும் சுரண்டி எடுக்கவுமில்லை.

அவள் இறந்த நாற்பதாம் நாள் லியூபென் கல்லறையில் படைக்க எடுத்துப்போக வேகவைத்த கோதுமையில் சர்க்கரை கலந்துகொண்டிருந்தான். பியானோ பூட்டிக் கிடந்தது. ஆறு நாற்பத்தொன்றுக்கு நிலவறையில் இருந்த எழுநூற்றுச் சொச்சம் ஜாடிகளும் ஒன்றாகத் திறந்தன. மறுநாளிலிருந்து பழையபடி நான்கு, ஏழு, பன்னிரண்டு. வசந்தத்தில் பியானோவை சிலிஸ்த்ரா நகரத்தில் ஓர் இசைப்பள்ளிக்கு அனுப்பினார்கள். மூடிகள் நிற்கவில்லை. பி வாசல் தன் ஜாடிகளை ஊருக்கு வெளியே உறவுக்காரர்கள் வீட்டில் வைக்கப் பழகியது. மூடி இறுகித் திறக்கமுடியாத ஜாடிகளை ஏ வாசல்காரர்களும் எதிர்த்தெருக்காரர்களும் எங்கள் நிலவறையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, காலை ஏழு மணிக்கு எடுத்துப்போகிறார்கள். பென்யோ அதற்கு ஓர் அலமாரி ஒதுக்கிக் கொடுத்தார். இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நெவ்யானா கடைசியில் எல்லோரையும் மன்னித்துவிட்டதாகத் தின்கா சொல்லிவருகிறாள். படிக்கட்டில் தன் கையைப் பிடித்து அழுதாளாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் கடைசியாகப் பேசியது மனு ஒட்டிய அன்று மாலை, முன்கதவுக்கு முன்னால். லியூபென் பக்கத்தில் நின்றான். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள்:

"இதுல உன் கையெழுத்துதான் அழகா இருக்கு."