அரை டாக்டரின் விரல்

என் சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெட்டுகிற அளவுக்கு முடியே வளர்ந்திருக்காது. மாத்திரைக்காக வருவார்கள். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் டிராயரில், பிளேடு பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், நிறம் நிறமாக அடுக்கி வைத்திருந்தேன். காய்ச்சல் விட்டதும் மிச்சமாகிற ஆன்டிபயாடிக்கை வாடிக்கையாளர்கள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் அடுத்தவருக்குக் கொடுப்பேன். தொண்டைக் கரகரப்புக்குச் சிவப்பு மஞ்சள், பல்வலிக்கு நீள வெள்ளை. 'அரை டாக்டர்' என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. மீதி அரையை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தொழிலில் ஒரு சனியன் இருக்கிறது. வெட்டிய முடித் துணுக்கு முள் மாதிரி விரலிடுக்கில் ஏறிவிடும். எனக்கு வலது கையில், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஏறிச் சீழ் பிடித்தது. டிராயரைத் திறந்து இரண்டு நாள் விழுங்கினேன். வீக்கம் வடிந்தது, நிறுத்திவிட்டேன். மிச்சம் வேறு யாருக்காவது ஆகுமே என்கிற நல்ல எண்ணம். ஒரே வருடத்தில் இப்படி நான்கு தடவை, தடவைக்கு ஒரு நிறம்.

ஐந்தாம் தடவை எந்த நிறமும் எடுபடவில்லை. மோதிர விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கத்திரிக்கோல் வளையத்துக்குள் நுழைகிற விரலே அதுதான். அது இல்லையென்றால் எனக்குத் தொழில் இல்லை.

என் வீட்டுக்காரி என்னைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டோடு கூப்பிட்டார்.

"எட்டு மருந்து போட்டுப் பார்த்தோம். ஏழு மருந்துக்கு உங்க கிருமி அசையவே இல்ல. இதுக்கு முன்னாடி என்னென்ன சாப்பிட்டீங்க?"

"செவப்பு மஞ்சள், நீள வெள்ளை, ரோஸ், அப்புறம் ஒரு பச்சை."

"மருந்து பேரு?"

"பேரெல்லாம் எதுக்கு மேடம்? கலரை வெச்சே சொல்லிடுவேன்."

வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரைகுறையா முழுங்கினா சாதுக் கிருமி சாகும், முரட்டுக் கிருமி தப்பிச்சுக் குடும்பம் நடத்தும்" என்றார் டாக்டரம்மா. "சளிக்கெல்லாம் இந்த மாத்திரை உதவவே உதவாது. மிச்ச மருந்தை எடுத்துவைக்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது."

எட்டாவது மருந்து ஊசி. காலையும் மாலையும், ஏழு நாள்.

நான்காம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து, கடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் போன் செய்தான். "மாமா, நீங்க நிம்மதியா இருங்க. உங்க ஆளுங்க எல்லாரையும் நானே வெட்டி அனுப்பறேன்."

இருந்த நிம்மதியும் போனது. அவன் வெட்டினால் நேராக உட்கார்ந்திருக்கிறவரும் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி தெரிவார். ஓட்டமாக டாக்டரம்மாவிடம் போனேன்.

"நல்லாயிடுச்சு மேடம். மிச்ச ஊசியை வேற யாருக்காவது போட்டுடுங்க."

"பாதியில நிறுத்தி, திரும்ப வந்துச்சுன்னா?"

"அடுத்த மருந்து கொடுங்க."

"அடுத்ததுன்னு ஒண்ணு இல்லைங்க. இருக்கறதுல இதுதான் கடைசி. இதுவும் கேக்கலைன்னா விரலை எடுக்கணும்."

எப்போதும் இன்னொரு நிறம் இருக்கும் என்றே நம்பியிருந்தேன். பயமாக இருந்தது. ஊசிக்குக் கையை நீட்டினேன்.

ஏழாம் நாள் டாக்டரம்மா விரலை மடக்கச் சொன்னார். மடங்கியது. நீட்டச் சொன்னார். நீண்டது. நான் அழுதுவிட்டேன். கடைசி ஊசியைப் போட்ட நர்ஸ், வலிக்கிறது என்று நினைத்துப் பஞ்சை இன்னும் அழுத்தினாள்.

டாக்டரம்மா ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார். "யார் யாருக்கு மாத்திரை கொடுத்தீங்கன்னு எழுதுங்க. இனிமே அவங்க வைத்தியத்துக்குப் போனா அதை டாக்டர்கிட்ட சொல்லணும். நீங்கதான் போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும்."

எழுதினேன். கணக்கு வாத்தியார், இரண்டு தடவை. கண்டக்டர். பேக்கரிக்காரர், அவர் மனைவி, மனைவியின் தங்கை. பத்து பேர் வரைக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குமேல் எழுத எழுதக் கூச்சமாக இருந்தது. தாளின் அடியில் மச்சானையும் எழுதி முடித்துக் கொடுக்கப் போனேன்.

வீட்டுக்காரி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குச் சளி பிடிச்சப்போ பாதி மாத்திரையைத் தேன்ல குழைச்சுக் கொடுத்தீங்களே" என்றாள் மெதுவாக. "அவளையும் எழுதுங்க."

பேத்தி என்று எழுதினேன். அதோடு இடம் தீர்ந்துவிட்டது. இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன்.