அப்படி யாரும் இங்கே இல்லை

கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் வெளிநாட்டுப் பயணம்கூட வீட்டுப்பாடமாகிவிடும். எசினாமுக்கு மால்டாவில் பஸ் ஓட்டும் வேலை கிடைக்கப் போகிறது என்று தெரிந்த அன்றே அவள் புருஷன் செலோம் ஒரு நோட்டை எடுத்து வரிசை எண் போட ஆரம்பித்துவிட்டான். மருத்துவச் சான்றிதழ். போலீஸ் சான்றிதழ். ரத்த அழுத்த மாத்திரை மூன்று மாதத்துக்கு, டாக்டர் சீட்டோடு. அங்கே பேங்க் கணக்கு திறக்க வாரக்கணக்கில் ஆகுமாம், அதுவரை என்ன வழி? தங்க அறை இருந்தால்தான் வேலை அனுமதி, ஆகவே அறை முதலில். இரண்டு பிலிப்பைன்ஸ் நர்சுகளோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடாகி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. பிளக்குக்கு மூன்று முள்ளா இரண்டா என்பதுகூட நோட்டில் இருந்தது. மூன்றுதான், அவர்கள் ஊரான ஹோவில் இருப்பது போலவே. அதைக் கண்டுபிடித்த நாளில் செலோம் பரீட்சையில் நூறு வாங்கியவன் மாதிரி நடந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, நோட்டின் முதல் வரியில், சிவப்பு மையில் எழுதியிருந்தான்: யாரிடமும் சொல்லக் கூடாது.

இது அவன் கண்டுபிடித்த சட்டம் இல்லை. ஹோவில் ஒருவர் கடல் தாண்டுகிறார் என்றால், விமானம் இறங்கி அங்கிருந்து போன் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியும். முன்கூட்டி வாயைத் திறந்தால் எவர் கண்ணாவது பட்டுவிடும். எசினாமின் சித்தி மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, தான் கனடா போகப்போவதாகக் கண்ணீரோடு சாட்சி சொன்னாள். செவ்வாய்க்கிழமை விசா இல்லை என்று பதில் வந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆகவே எல்லாம் திருட்டுத்தனமாகவே நடந்தன. மால்டாவில் வண்டிகள் இடது பக்கம் ஓடும். ஓட்டுநர் வலது பக்கம் உட்கார வேண்டும், இடது கைக்குத்தான் வேலை அதிகம். அந்தக் கையைப் பழக்க எசினாம் தினமும் அக்ப்லே களியை இடது கையால் கிண்டினாள். பதினொரு வயது மகள் சேனா அதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அம்மா! சோத்துல யாராவது இடது கைய வைப்பாங்களா? யாராச்சும் பாத்தா நம்ம வீட்ல தண்ணி கூடக் குடிக்க மாட்டாங்க!"

"வலது கையில சுளுக்குடி. உன் வேலையப் பாரு."

"ஒரு மாசமாவா சுளுக்கு?"

பெற்ற பிள்ளையிடமே பொய். ஆனால் வேறு வழியில்லை. இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, மூன்று இடத்தில் கதவடைப்பு வாங்கி, நாலாவதாகத் திறந்த கதவு இது. ஒரு வருடம் ஓட்டிவிட்டால் செலோமையும் சேனாவையும் கூட்டிக்கொள்ளலாம். முப்பத்தாறு வயதில் இன்னொரு கதவு திறக்கும் என்று காத்திருக்க எசினாமுக்குத் தெம்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, அவள் டிரைவர் யூனிபார்ம் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, மால்டா கம்பெனியின் அலுவலர் ஃபாருஜா என்ற பெண்மணியிடமிருந்து செய்தி வந்தது. நேற்று நீங்கள் கொடுத்த எண்ணுக்குப் பேசினோம். உங்கள் பெயரில் ஒரு பெண் அங்கே எப்போதும் வேலை பார்த்ததே இல்லை என்று பதில் சொன்னார்கள். இன்று மதியத்துக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம்.

எசினாம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். செலோம் செய்தியை மூன்று முறை படித்தான். நோட்டைப் புரட்டினான். எந்த வரியிலும் இதற்கு விடை இல்லை.

"அந்த நம்பர் யாரோடது?" என்றான்.

"பஸ் ஸ்டேஷன் ஆபீஸ் நம்பர். எங்க சங்க சேர்மன் டோட்சேதான் எடுப்பாரு."

"அவருகிட்ட நீ விஷயத்தைச் சொல்லலியா?"

"நீதானே சிவப்பு இங்க்ல எழுதுன! அனுபவச் சான்று கேட்டப்போ பேங்க்குக்குன்னு சொன்னேன். சீல் குத்திக் குடுத்தாரு."

செலோம் நோட்டை மூடி வைத்தான். "போய்ச் சொல்லிடு," என்றான். கல்யாணமான பதிமூன்று வருடத்தில் அவன் எழுதியதை அவனே அடித்தது அதுதான் முதல் தடவை.

பஸ் நிலையத்தில் அவளுடைய ஐம்பது இருக்கை வண்டி, தலைநகர் அக்ராவுக்குப் போகும் வரிசையில் முதலாவதாக நின்றது. வண்டி நிரம்பினால்தான் கிளம்பும், முக்கால்வாசி நிரம்பியிருந்தது. ஓட்டுநர் சங்க ஆபீஸ் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. வாசலில் பெஞ்சு போட்டு ஓட்டுநர்கள் கோக்கோ என்னும் சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் லெட்சாவும் இருந்தான். எசினாம் ஸ்டீயரிங் பிடித்த முதல் நாளிலிருந்து அவளைச் சீண்டுவதையே தொழிலாக வைத்திருப்பவன்.

"வாங்க மகாராணி. டயருக்கு உதட்டுச்சாயம் பூசியாச்சா?"

மற்ற நாளாயிருந்தால் சூடாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். இன்று அவள் அவனைத் தாண்டி நேரே உள்ளே போனாள். அவளைக் கண்டதும் சேர்மன் டோட்சே முகமெல்லாம் பல்லாக எழுந்தார்.

"எசினாம்! உக்காரு, உக்காரு. நேத்து உன்னை ஒரு பெரிய வம்புலேர்ந்து காப்பாத்திருக்கேன். ஒரு வெள்ளைக்காரி போன் போட்டா. 'எசினாம் அங்க டிரைவரா இருக்காங்களா, எத்தனை வருஷமா இருக்காங்க'ன்னு போலீஸ் மாதிரி கேக்குறா. நான் விடுவேனா? 'எசினாமா? அப்படி யாரும் இங்க இல்ல. பொம்பளை டிரைவரே எங்க ஸ்டேஷன்ல கெடையாது'ன்னு ஒரே போடா போட்டேன். அதுக்கப்புறம் அவ வாயே தொறக்கல!"

அந்த நிலையத்தின் எழுதப்படாத விதி அது. தெரியாத எண்ணிலிருந்து ஓட்டுநர் எவரைப் பற்றியாவது விசாரித்தால், அது போலீஸாக இருக்கும், இன்ஷூரன்ஸாக இருக்கும், இல்லை விட்டுப்போன பெண்டாட்டியின் அண்ணனாக இருக்கும். யார் போனை எடுத்தாலும் பதில் ஒன்றுதான். லெட்சாவையே இந்தப் பதில் நாலு தடவை காப்பாற்றியிருக்கிறது.

எசினாமுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. கதவருகே லெட்சா கஞ்சிக் கிண்ணத்தோடு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நின்றால் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

"பெரியவரே, அது என் வேலைக்காக வந்த போன். மால்டாவுல பஸ் ஓட்ட என்னை எடுத்திருக்காங்க. நான் இங்க வேலை பாக்குறேனான்னு உறுதி பண்ணத்தான் கேட்டாங்க. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சரி பண்ணலன்னா என் இடம் போயிடும்."

டோட்சேயின் சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷமா."

"பேங்க்குக்குன்னு வாங்கிட்டுப் போனியே ஒரு லெட்டர்..."

"அது இதுக்குத்தான்."

"உனக்கு லைசென்ஸ் டெஸ்ட் வச்சது யாரு? ஒன்பது வருஷம் முன்னாடி, 'பொம்பளைக்குப் பெரிய வண்டி குடுத்தா நாங்க ஸ்ட்ரைக் பண்ணுவோம்'னு இந்தப் பயலுக கத்துனப்போ சாவியை உன் கையில வச்சது யாரு? என் கண்ணு உம்மேல படும்னு நெனச்சியாடி?"

படும் என்று எசினாம் நினைக்கவில்லைதான். படாது என்று நம்பவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இந்த மனிதரை நிறுத்தி வைத்திருந்தோமே என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"தப்புத்தான், பெரியவரே. பயந்துட்டேன்."

டோட்சே மூக்கைத் துடைத்துக்கொண்டு, சத்தமாக, பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மால்டாவாம்! நம்ம ஸ்டேஷன் டிரைவரை வெள்ளைக்காரன் வேணும்னு கேக்குறான், நான் இல்லன்னுட்டேன்! எந்த முட்டாளாவது இப்படிப் பண்ணுவானா? போனைக் குடு!"

ஃபாருஜா அம்மாள் உடனே எடுத்தார். டோட்சே தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தை வெளியே எடுத்தார். நேற்றுப் பேசியவர் தான்தான், நேற்றுச் சொன்னது பொய், இன்று சொல்வது உண்மை என்றார்.

"நேற்றுப் பொய் சொன்னவர் இன்றும் சொல்ல மாட்டார் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார் அந்த அம்மாள். நியாயமான கேள்விதான்.

"அம்மா, எங்க ஆளைப் பத்தி யாரோ கேட்டா நாங்க காட்டிக் குடுக்க மாட்டோம். அது எங்க வழக்கம். நாளைக்கு இவளைப் பத்தி உங்ககிட்ட யாராவது கேட்டா நீங்களும் அப்படிச் செய்யணும்னுதான் ஆசைப்படுறேன்." அவருக்கே அது போதாது என்று தெரிந்தது. "நம்பாட்டி நேர்ல பாருங்க. வீடியோல வாங்க."

வீடியோவைப் பிடிக்கும் வேலையை லெட்சா தானாகவே பிடுங்கிக்கொண்டான். எசினாம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி அதற்குள் நிரம்பியிருந்தது. வண்டிக்குப் பின்னால் வழக்கம்போல் இரண்டு வேன்களை அரைகுறையாகக் குறுக்கே விட்டிருந்தார்கள். பக்கத்தில் கிழங்கு மூட்டை, முன்னால் ரொட்டி விற்கிறவர்களின் தட்டுகள். அந்த நிலையத்திலிருந்து பெரிய வண்டியைப் பின்பக்கமாக எடுத்து வெளியே கொண்டுவருவது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். லெட்சாவே மாதம் ஒரு விளக்கை உடைப்பான்.

இரண்டு கண்ணாடிகளையும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் எடுத்தாள். ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல், மூட்டைக்கும் வேனுக்கும் நடுவே, கை நுழையும் இடைவெளியில் வண்டி பின்னால் வழுக்கிப் போய்த் திரும்பி, மூக்கைச் சாலைப் பக்கம் வைத்து நின்றது. ரொட்டித் தட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை.

பயணிகளுக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ, ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன. "எங்க எசினாம்தான்! வாராவாரம் இவ வண்டியிலதான் நான் போறேன்!" என்று ஒரு துணி வியாபாரி போனைப் பார்த்துக் கத்தினாள். "அடோமி பாலத்துல மழையில எங்களைப் பத்திரமா கொண்டுபோனவ!" என்றது இன்னொரு ஜன்னல். அந்த இரைச்சலுக்கு நடுவே லெட்சா போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிக்கொண்டான்.

"மேடம், என் பேரு லெட்சா. இருபது வருஷ டிரைவர். இவளை எனக்குப் பிடிக்காது. ஒன்பது வருஷமா இவகிட்ட ஒரு குறை கண்டுபிடிக்கணும்னு தேடிட்டு இருக்கேன். இன்னும் கெடைக்கல."

இவ்வளவு பெரிய பாராட்டு இவ்வளவு கோபமாகச் சொல்லப்பட்டதை எசினாம் அதுவரை கேட்டதில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

போனில் ஃபாருஜா அம்மாள் சிரித்துவிட்டார். "போதும், நம்புகிறேன். பெயரை உறுதி செய்துவிடுகிறேன்," என்றார். பிறகு, என்ன தோன்றியதோ, டோட்சேயைக் கூப்பிடச் சொல்லி அவரிடம் கேட்டார்: "ஐயா, இவரை நாங்கள் கூட்டிக்கொண்டுவிட்டால் உங்கள் ஊர் ஜனங்களுக்கு யார் ஓட்டுவார்கள்?"

டோட்சே பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர் கண் லெட்சாவின் மேல் ஒரு கணம் நின்றது. பெருமூச்சோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது எங்க கஷ்டம், அம்மா. கழிச்சுப் போட்டதையா உங்களுக்கு அனுப்புவோம்? எங்ககிட்ட இருக்கறதுலயே நல்லதைத்தான் அனுப்புறோம். நீங்க பேரை எழுதிக்கோங்க."

போனை எசினாமின் கையில் கொடுக்க ஜன்னல் வரை வந்தார். பின்னாலிருந்து துணி வியாபாரி குரல் கொடுத்தாள்:

"அழுகையெல்லாம் அக்ராவுல போய் வச்சுக்கலாம்மா! சந்தை கலைஞ்சிடும், வண்டிய எடு!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. எசினாமும் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள். வாசலில் வழக்கம்போல் டாக்சிகளும் தள்ளுவண்டிகளும் அடைத்துக்கொண்டு நின்றன. டோட்சே கையில் துண்டை எடுத்தார். சாலையில் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் நடந்து, துண்டை வீசி வீசி எல்லோரையும் விலக்கினார். "வழி விடுங்க, மால்டா டிரைவர் வர்றா, வழி விடுங்க" என்று அவர் கத்தியது ஊருக்கே கேட்டது. சேர்மன் ஆன பிறகு அவர் எந்த வண்டிக்கும் அப்படி நடந்தது கிடையாது.