அவர் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள்

டாக்டருடைய கையெழுத்தைக் கேலி செய்யாத ஆளே அந்தத் தெருவில் கிடையாது. மற்ற மருந்துக்கடைக்காரர்கள் சீட்டை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை அவர் சம்சாரம் கடைக்கே கொண்டு போங்க, அந்தம்மாவுக்குத்தான் இந்த பாஷை தெரியும்" என்று கையை விரித்துவிடுவார்கள். அந்தம்மாவின் கடை டாக்டரின் அறையை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இருபத்திரண்டு வருஷமாக அவர் எழுத எழுத, இவள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுத்து பிடிபடாவிட்டால் அவள் சீட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பாள். "உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்பாள். நெஞ்சு கரிக்கிறது என்றால் அந்த வளைவு இந்த மாத்திரை. முட்டி வலி என்றால் அந்தக் கோடு அந்தக் களிம்பு. வழக்கமாக அவர் எழுதுவது முப்பது நாற்பது மருந்துதான், அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. அதற்கும் மேலே சந்தேகம் வந்தால் பலகையைத் தட்டுவாள். ஆனால் இந்த ஒரு வருஷமாகத் தட்டினாலே மனுஷன் எரிந்து விழுந்தார். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என் எழுத்து புரியலையா உனக்கு?" பெஞ்சில் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். எதற்கு வம்பு என்று அவள் தட்டுவதையே விட்டுவிட்டாள். எழுத்து மட்டும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. வயசாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும், பேனா சரியில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு டஜன் புதுப் பேனாகூட வாங்கி வைத்தாள், அசடு!

அன்று காலை ஒரு தாய் ஐந்து வயசு மகளைக் கையில் பிடித்தபடி சீட்டை நீட்டினாள்.

"பாப்பாவுக்கு என்னம்மா?"

"பேசிட்டே இருக்கா, திடீர்னு கண்ணு நிலைகுத்திடுதுக்கா. கூப்பிட்டா கேக்கறதில்ல. கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி விளையாடறா. நேத்து மாடிப்படியில நிக்கறப்ப அப்படி ஆயிடுச்சு. நல்லவேளை, நான் பிடிச்சேன்."

இது அந்த முப்பது நாற்பதுக்குள் அடங்குகிற சங்கதி இல்லை. அவள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று வரி இருந்தது. அதில் ஓர் எழுத்துகூட அவளுக்கு அகப்படவில்லை. திட்டினால் திட்டட்டும் என்று உள்ளேயே போய்விட்டாள்.

"என்னங்க, அந்தக் குழந்தைக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

அவர் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கதவைச் சாத்து," என்றார். பிறகு, "ஒண்ணும் எழுதல."

"என்னது?"

"பேரு வர மாட்டேங்குது. ஒவ்வொண்ணா மறந்துட்டே வருது. அதான் சும்மா கிறுக்கி அனுப்பிடறேன். நீதான் அவங்ககிட்ட கேட்டுக் கேட்டுச் சரியாக் குடுத்துடறியே."

இருமலும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்புமாக எத்தனை பேர் வந்து போனார்கள்! படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, இவளே அல்லவா வைத்தியம் பார்த்திருக்கிறாள்! அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? திட்டத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

"எப்பலேருந்து?"

"தெரியல," என்றார். "இந்தக் குழந்தைக்கு மட்டும் எதையாவது பாத்துக் குடுத்துடும்மா."

"எதையாவதா? உயிருங்க அது!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டுடன் வெளியே வந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. நரம்பு டாக்டர்கிட்ட இன்னிக்கே காட்டு."

"ஐயாதான் பாத்துட்டாரேக்கா. நீங்க எதுக்கு அங்க இங்கன்னு அலையவிடறீங்க? மருந்து இல்லேன்னா சொல்லுங்க, வேற கடையில கேக்கறேன்."

தாய் சீட்டுக்காகக் கையை நீட்டினாள். குழந்தை கண்ணாடி அலமாரியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. உள்ளதைச் சொன்னால் அவர் இன்றோடு முடிந்தார். சொல்லாவிட்டால் இந்தத் தாய் இந்த வெற்றுக் கிறுக்கலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவாள்.

அவள் சீட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

"நான் சொல்லலம்மா. ஐயாவே எழுதியிருக்காரு. 'மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரி, நரம்புப் பிரிவு.'" விரல் மூன்றாவது வரிக்கு நகர்ந்தது. "'படியில் தனியாக விடக் கூடாது.'"

"ஐயாவே எழுதியிருக்காரா? முதல்லயே சொல்றதுதானேக்கா!" தாய் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து விறுவிறுவென்று நடந்தாள்.

பெஞ்சில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். உள்ளே அடுத்த ஆளைக் கூப்பிடும் மணி அடித்தது. வரிசையில் முதலில் இருந்தவர் எழுந்தார். வேண்டாம், போகாதீர்கள் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். எழுந்தவர் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனார்.