எண்பத்து நாலு வாட்

மின்சார வேலை செய்பவனிடம் யாரும் பேய்க்கதை சொல்லக் கூடாது. எனக்கு எரிச்சல்தான் வரும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். கம்பிக்குள் இதைத் தவிர வேறு ஒரு மண்ணும் கிடையாது. முப்பது வருடமாக மினசோட்டாவில் வீடு வீடாகப் போய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் அண்ணி மார்லிஸ் போன் செய்தார். என் அண்ணன் வெண்டல் போன மார்ச்சில் செத்துப்போனான். உறைந்த ஏரிமேல் மரக்குடில் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவன், பனி உடைந்து குடிலோடு உள்ளே போய்விட்டான். அதிலிருந்து அண்ணி பாதி ஆளாகிவிட்டார்.

"டுவேன், ஏரிக்கரை பிரேக்கர் சூடா இருக்குடா. வந்து பாரு."

"அதுல என்ன இருக்கு அண்ணி? வெறும் கம்பந்தான நிக்குது?"

"அதனாலதான் வரச் சொல்றேன். வாயடிக்காம வா."

அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவனே நான்தான். நிலவறையில் இருக்கும் பிரேக்கர் பெட்டியிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு கம்பி கரையில் நிற்கும் கம்பத்துக்குப் போகும். அங்கிருந்து ஒரு நீள ஒயர் வெண்டலின் குடிலுக்கு. குடிலுக்குள் ஒரே ஒரு ஹீட்டர். இப்போது அந்த ஒயர் சுருட்டப்பட்டு, தூசி படிந்து அண்ணியின் கராஜ் சுவரில் தொங்குகிறது. முதலில் கம்பத்தைப் போய்ப் பார்த்தேன். மூடியில் உறைந்திருந்த பனியைச் சுத்தியலால் தட்டித் திறந்தேன். பிளக் எதுவும் சொருகப்படவில்லை.

நிலவறைக்கு இறங்கி, ஓட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரால் கம்பியைக் கவ்விப் பிடித்தேன். பதிமூன்று புள்ளி இரண்டு ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே வேறொன்றை எடுத்தேன். அதே பதிமூன்று புள்ளி இரண்டு. பிரேக்கரை அணைத்துவிட்டு ஓம் அளந்தேன். மறுமுனையில் எதுவுமே இல்லை என்றது. போட்டால் ஓடுகிறது, அணைத்தால் அங்கே ஒன்றும் இல்லை. நாலு முறை போட்டு அணைத்தேன்.

"என்னடா முழிக்கிற?" என்றார் பின்னாலேயே இறங்கி வந்த அண்ணி. "தினமும் ரெண்டு மணிக்குச் சூடாகுது, அஞ்சு மணிக்கு ஆறிடுது. அவரு மீன் பிடிக்கிற நேரம்."

நான் கணக்குப் போட்டேன். நூற்றிருபது வோல்ட்டைப் பதிமூன்று புள்ளி இரண்டால் வகுத்தால் ஒன்பது ஓம், கொஞ்சம் கொசுறு. பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்து நாலு வாட்.

கடையில் வாங்கும் ஹீட்டர் ஆயிரத்து ஐந்நூறு வாட். அதன் கம்பிச்சுருள் ஒன்பது புள்ளி ஆறு ஓம். இந்தக் கொசுறுக் கணக்கில் ஒரு ஹீட்டர்தான் எனக்குத் தெரியும். அதைச் செய்தவனும் நான்தான். போன குளிர்காலத்தில் வெண்டல் சுருள் அறுந்த ஹீட்டரைக் கொண்டுவந்தான். கருகிய துண்டை வெட்டிவிட்டு, இரு நுனிகளையும் முறுக்கிக் கொடுத்தேன். கம்பி குறைந்தால் ஓம் குறையும், ஓட்டம் ஏறும், சூடும் ஏறும். அளந்து பார்த்துத் தெரிந்தே கொடுத்தேன்.

"டேய், நீ கை வச்சப்புறம் சட்டையக் கழட்டிட்டு மீன் பிடிக்கிறேன்டா! தரையெல்லாம் சொதசொதன்னு இருக்கு!" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எண்பத்து நாலு வாட் கூடுதலாக, காலடிப் பனிமேல், வாரக்கணக்கில். அதனாலா பனி உடைந்தது? தெரியாது. மார்ச் மாதப் பனியை நம்பக் கூடாது என்று ஷெரிஃப் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஹீட்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

"அவருதான?" என்றார் அண்ணி.

"மண்ணுல ஈரம் அண்ணி. கசிவு." ஜனவரியில் அந்த மண் பாறையாக உறைந்து கிடக்கும். இது அவருக்கும் தெரியும்.

"பொய் சொல்லாத. அன்னைக்கு நான்தான் கத்தினேன், 'போய் அந்த மீனோடயே குடும்பம் நடத்து'ன்னு. அந்தக் கோவத்துலதான் பனியப் பாக்காமப் போனாரு. இப்ப என்னைக் கூப்புடுறாரு. நான் போயிட்டு வந்துடறேன்."

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். வெண்டலின் பூட்ஸ். அவன் மூழ்கிய இடத்தில் அடியில் ஊற்று இருக்கிறது, இந்த வருடம் அங்கே பனி சரியாகப் பிடிக்கவே இல்லை. இந்த மனுஷி அங்கே நடந்து போகப் போகிறார்!

"அண்ணி, நில்லுங்க. நீங்க கத்துனதால இல்ல. என்னால."

கம்பியை வெட்டியதிலிருந்து எண்பத்து நாலு வாட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. சொல்லி முடித்ததும் எண் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது, யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல.

அண்ணி படியில் உட்கார்ந்தார். பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பத்து மாசம்," என்றார். "ஞாயித்துக்கிழமை தவறாம எங்கையால சமைச்ச ஹாட்டிஷ வாங்கித் தின்னுட்டு, நான் அழுவுறதப் பாத்துட்டே உக்காந்திருந்தியேடா, பாவி."

அவர் எழுந்து வந்து பிரேக்கர்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஆறிடுச்சு. இப்ப அவரு குளிருக்கு எங்கடா போவாரு?"

அடுத்த சனிக்கிழமை நான் என் கராஜில் இருந்தேன். என் பெட்டியில் ஒரு பிரேக்கர் உண்டு, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டி வைத்தது. அதில் கம்பியே கிடையாது. இரண்டு மணிக்கு, குளிர்காலத்தில் ஹீட்டரை முதன்முதலில் போடும்போது தூசி பொசுங்குமே, அந்த வாசனை வந்தது. பிரேக்கரைத் தொட்டேன். சுட்டது.

டெஸ்டரால் கவ்வ அங்கே கம்பி இல்லை. அளக்கவும் தேவையில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஐந்து மணி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அணைக்கவில்லை.