தள்ளுதற்சீட்டு

அட்லஸ் மலையில் எங்கள் யூதத் தெருவில் செருப்புத் தைக்கும் மக்லூஃபைப் போல எருசலேமை நேசித்தவர் யாரும் இல்லை. அந்த நேசத்தின் பாரத்தைச் சுமந்தவள் அவர் மனைவி ஃப்ரேஹா. கூரை ஒழுகினால் மாற்றமாட்டார். முற்றத்தில் அவள் அத்திக்கன்று வைத்தபோது பிடுங்கி எறிந்தார். "நாம என்ன இங்கயே இருக்கப்போற ஆளுங்களா?" என்பார். இருபது வருடம் மூட்டை அவிழ்க்காமலே குடித்தனம் நடத்தினாள்.

ஐம்பத்தைந்தாம் வருடம் எருசலேம் தேசத்துக்குக் கூட்டிப்போக ஆட்கள் வந்தார்கள், கூடவே ஒரு டாக்டர். ஜெப ஆலயத்தில் வரிசை நின்றது. மக்லூஃப் பண்டிகைச் சட்டையோடு முதல் ஆள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார், இருமச் சொன்னார், பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்.

"அங்க கல்லு உடைக்கணும், ரோடு போடணும். இந்த நெஞ்சு தாங்காது. குடும்பத் தலைவன் தேறலன்னா குடும்பத்துல யாரும் போக முடியாது."

மக்லூஃப் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். "ஐயா, தினம் மூணு வேளை அந்தத் திசையப் பாத்துக் கும்பிடறவன் நான். வாழ வேணாம், சாகவாவது விடுங்க."

"சாகறதுக்கு அங்க ஆள் தேவையில்ல" என்றார் டாக்டர். பின்னால் நின்ற மகன் ஏலியாஹுவின் புஜத்தை அழுத்திப் பார்த்தார். பதினெட்டு வயது. "இவன் தலைவனா இருந்தா உடனே எடுத்துக்குவேன்."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

எங்கள் தெருவில் தள்ளுதற்சீட்டு எழுதுகிறவன் நான். மறுநாள் காலையில் ஃப்ரேஹா வந்து, மகனைத் தலைவனாக்கிக்கொண்டு போக, புருஷனை விட்டு விலகச் சீட்டு வேண்டுமென்றாள். பின்னாலேயே மக்லூஃப் ஓடிவந்தார்.

"கொஞ்ச நாள் பொறுடி. மருந்து சாப்பிட்டுத் தேத்திக்கறேன். சேந்தே போவோம்."

"இருபது வருஷம் பொறுத்தேன். இந்த வீட்ட ஒரு நாளாவது வீடா இருக்க விட்டீங்களா? இப்ப இங்கயே கெடன்னா எப்படி?"

"ஏலியாஹு, நீயாவது சொல்லுடா."

மகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீங்கதானப்பா போகணும் போகணும்னு சொல்லி வளத்தீங்க."

எழுதினேன். பன்னிரண்டு வரி. ஓர் எழுத்து பிசகினால் சீட்டு செல்லாது. வேண்டுமென்றே பிசகியிருக்கலாம். ஆனால் நான் டாக்டரிடம் தேறியவன். யாரையும் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை.

புருஷன் மனமுவந்து கொடுத்தால்தான் சீட்டு செல்லும் என்பதால் எங்கள் குரு ரபி அவரைக் கேட்டார்: "யாராவது உன்னக் கட்டாயப்படுத்தினாங்களா?"

மக்லூஃப் வெகுநேரம் இருமினார். "இல்ல" என்றார். நீட்டியிருந்த அவள் கைகளில் சீட்டைப் போட்டார்.

லாரி கிளம்பும்போது அவர் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஏலியாஹு குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான்.

"போங்கப்பா. டாக்டர் பாத்தா எங்களையும் இறக்கிடுவாரு."

கப்பலில் இங்கே வந்திறங்கியதும் எங்களுக்குத் தகரக் கொட்டகை கொடுத்தார்கள். ஏலியாஹு ரோடு போடப் போனான். ஃப்ரேஹா என் பக்கத்துக் கொட்டகை. அவரைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மூன்றாம் வருடம் எங்கள் மலைக்காரி ஒருத்தி, சுல்தானா, கப்பலில் வந்து சேர்ந்தாள். மக்லூஃப் இறந்த செய்தியை அவள்தான் சொன்னாள். கூடி ஜெபிக்க வேண்டிய பத்து ஆண்கூடத் தெருவில் இல்லாமல் ஜெபம் நின்றுபோனதும் அவர் நடந்தே காசாபிளாங்கா துறைமுகத்துக்கு வந்துவிட்டாராம். நான்கு முறை வரிசையில் நின்றாராம். நான்கு முறையும் தள்ளினார்களாம். பிறகு வாசலிலேயே படுத்துக் கிடந்தாராம், கப்பலேறுகிறவர்களுக்குச் செருப்புத் தைத்துக்கொண்டு.

ஃப்ரேஹா பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"இல்ல."

"பையன?"

சுல்தானாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. அடுத்த கப்பல் எப்பன்னு."

ஃப்ரேஹா தலையாட்டினாள். விலகிய மனைவி துக்கம் காக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். வேண்டியதில்லை என்றேன். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.