மிஞ்சிய கோன்

நூல் மில்லில் எல்லாப் பெட்டியும் கட்டி முடிந்தபின் மேசையில் நூல் சுற்றிய கோன் ஒன்று மிஞ்சினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள். நளினியின் மேசையில் அப்படி ஒன்று மிஞ்சியது. பச்சை முனை, நாற்பதாம் நம்பர் நூல். பெட்டிக்கு இருபத்து நாலு என்று எண்ணி வந்த சரக்கு. ஒன்று மிஞ்சியதென்றால் அதன் இடத்தில் வேறொன்று போய் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துத் தள்ளுவண்டியில் சிவப்பு முனைக் கோன் ஒன்று குறைந்தது. அது முப்பதாம் நம்பர், தடித்த நூல்.

ஒன்று கலந்தாலே போதும், நெய்யும் துணியில் கடைசிவரை கோடு விழும். வாங்கியவன் பெட்டிக்குள் இருக்கும் சீட்டைத்தான் தேடுவான். கட்டியவளின் நம்பர் அதில் இருக்கும்.

வினையே அந்தச் சீட்டில்தான். காலையில் அவர்கள் குடியிருக்கும் நந்திதுர்க் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரை விட்டுவிட எவளுக்கு மனசு வரும்? பக்கத்து மேசை மங்கம்மா பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடினாள். அவள் பங்குப் பெட்டிகளையும் நளினியே கட்டி, அவள் சீட்டைப் போட்டாள். தண்ணீர் நாளில் அங்கே எல்லாப் பெண்களும் செய்வதுதான். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

வெளியே லாரி உறுமியது. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் ஓடினாள்.

"சார், நிறுத்துங்க! ஒரு பெட்டியில கோன் மாறிக்கீது!"

சூப்பர்வைசர் ரூபேஷ் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பெட்டிகளை இறக்கிப் பிரித்தான். பதினோராவது பெட்டியில் சிவப்பு முனை தெரிந்தது. சீட்டை எடுத்துப் படித்தான்.

"மங்கம்மா! இது உன் பெட்டியா?"

மத்தியானம் திரும்பியிருந்த மங்கம்மா, ஈரம் காயாத முந்தானையோடு முன்னால் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், நளினியைப் பார்த்தாள்.

"ஆமா சார். கண்ணு செரியா தெரியல."

"நாளையிலிருந்து வராதே."

ரூபேஷ் நகர்ந்ததும் நளினி அவள் கையைப் பிடித்தாள். "இன்னாக்கா இப்டி சொல்லிட்டீங்க? நான் போய்ச் சொல்றேன்."

"சொன்னா ரெண்டு வூட்லயும் அடுப்பு எரியாது. வாய மூடிக்கினு லாரிய அனுப்பு."

"சரிக்கா," என்றாள் நளினி. அந்தச் சொல் அத்தனை சுலபமாக வாயில் வந்துவிட்டதே என்றுதான் அவளுக்குத் தாங்கவில்லை.