கூமுட்டை

1

பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கிற மாதிரி அறிவியல் சோதனை ஒன்றை எழுதித் தரும்படி ஒரு சிறுவர் பத்திரிகையில் கேட்டார்கள். ‘ஒரு முட்டை, ஒரு சொம்புத் தண்ணீர், இரண்டு கை உப்பு’ என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி வரவில்லை. ரம்லத் பீவி நினைவில் வந்துவிட்டாள். கட்டுரை போயிற்று, இது மிஞ்சியது.

2

முதல் தொடக்கம்: ‘1959-இல் குளத்தூரில் பொறாமைக்காரி ஒருத்தி…’

(அடித்துவிட்டேன். எடுத்த எடுப்பில் அப்படிச் சொல்லிவிட்டால், அப்புறம் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒன்றும் இருக்காது.)

இரண்டாவது: ரம்லத்தின் புருஷன் ஹனீபா மலேயாவில், ஈப்போவில் கடை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். வீட்டில் அவளும் ஒன்பது வயது மகள் ரசியாவும் மட்டும். பக்கத்து வீட்டுக்கு மாற்றலாகி வந்த வாத்தியாரின் மனைவி சொர்ணவல்லி. பள்ளிப் படிப்பை முடித்தவள், பிள்ளை கிடையாது. தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எலுமிச்சைச் சாற்றால் எழுதிய காகிதத்தை விளக்குச் சூட்டில் காட்டி எழுத்தை வரவழைப்பாள். தண்ணீரில் ஊசியை மிதக்க விடுவாள். வாய் பிளந்து பார்த்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

பள்ளிக்கூடம் விட்டால் ரசியா அங்கேதான் கிடப்பாள். சோற்றுக்கு வந்தாலும் சொர்ணக்கா இப்படிச் சொன்னாங்க, அப்படிச் செஞ்சாங்க என்று அதே பேச்சு. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டுச் சிவந்ததை ஒருநாள் பெரிய அதிசயமாகச் சொன்னாள். இது எனக்குத் தெரியாதாக்கும் என்று ரம்லத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் போட்டி போடுவது தெரிந்துபோகும்.

(அவள் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. என் மகன் ஒரு வருஷம் முழுக்க அவன் சித்தி பின்னாலேயே சுற்றினான். அந்த எரிச்சலை எடுத்து இங்கே போட்டிருக்கிறேன்.)

3

சொர்ணவல்லி வீட்டில் முட்டை புழங்காது. ஒரு சனிக்கிழமை காலையில் ரம்லத்தின் வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, ஒரு முட்டை வேணுங்க. நல்ல தண்ணியில முங்கும், உப்புத் தண்ணியில மிதக்கும். பிள்ளைகளுக்குக் காட்டணும்.”

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரசியா நின்றாள். தன் மகளின் கை வேறொருத்தியின் முந்தானையில் இருப்பதை ரம்லத் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

கூடையில் அன்று எடுத்த முட்டை நாலு இருந்தது. மூலையில் அடைக்கோழி பொரிக்காமல் விட்டுப்போன கூமுட்டை ஒன்றும் கிடந்தது. அவள் மூலைக்குத்தான் குனிந்தாள்.

4

ஆறு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முங்கப்போகிறது பாருங்கள் என்று சொல்லிச் சொர்ணவல்லி முட்டையைத் தண்ணீரில் விட்டாள். மிதந்தது. எடுத்து மறுபடியும் விட்டாள். மறுபடியும் மிதந்தது. அப்படியானால் உப்பு எதுக்கு என்று அய்யாக்கண்ணு கேட்டான். எல்லோரும் சிரித்தோம். சொர்ணவல்லியின் முகம் சிறுத்துவிட்டது.

வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்ற ரம்லத்துக்கு மனசு குளிர்ந்தது. (இந்த வரியை அடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். குளிர்ந்தது உண்மை, இருக்கட்டும்.)

அப்போதுதான் ரசியா சொன்னாள்: “சொர்ணக்கா, இது கூமுட்டை. எங்கம்மா எப்பவும் முட்டையைத் தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க. மிதந்தா தூக்கிப் போட்டுருவாங்க. எங்கம்மாவுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்.”

அந்த வீட்டில் அவள் தன் அம்மாவைப் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எத்தனை மாதமாக ரம்லத் கேட்கக் காத்திருந்த பேச்சு அது.

சொல்லி முடித்ததும் ரசியாவின் வாய் மூடிக்கொண்டது. மெதுவாகத் திரும்பி நிலைப்படியைப் பார்த்தாள். சொர்ணவல்லியும் பார்த்தாள்.

“அக்கா, நல்ல முட்டை ஒண்ணு இருந்தா குடுங்க.” சொர்ணவல்லி அவ்வளவுதான் சொன்னாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் ரம்லத்துக்குச் சண்டை பிடிக்கவாவது வழி இருந்திருக்கும்.

அவள் போய் முட்டையோடு வந்தாள். தானே குனிந்து தண்ணீரில் விட்டாள். முங்கியது. சொர்ணவல்லி உப்பைப் போட்டுக் கலக்க, மெல்ல மேலே வந்தது. நாங்கள் கை தட்டினோம். ரசியா தட்டவில்லை.

5

அம்மாவும் மகளும் வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். தெரு நடுவில் நின்று ரசியா கேட்டாள்: “தெரிஞ்சுதானே குடுத்தீங்க?”

அதற்குள் என் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டேன். ரம்லத்தின் பதிலை நானாக மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ‘தெரியாம நடந்துபோச்சு’ என்றால் பொய், ரசியா கண்டுபிடித்துவிடுவாள். ‘நீ அங்கிட்டே கெடக்குறது எனக்குப் பொறுக்கல’ என்பது உண்மை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாய்க்கு இதைச் சொல்ல வாய் வரும்? மூன்றாவது பதில் ‘வா, சோறு ஆறிப்போகுது’ என்று…

இல்லை. நான் என் மகனிடம் சொன்னது அது.

உங்களிடமும் ஒரு பிள்ளை ஏதாவது ஒருநாள் இப்படி நின்று கேட்டிருக்கும். நீங்கள் என்ன சொன்னீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். வெயில் ஏறுகிறது, ரசியா காலில் செருப்பு இல்லை.